கையில் தொலைபேசி, கடிதத்தில் கேள்வி

காணிக் கச்சேரி நேற்று முடிந்துவிட்டது என்று இன்று கேள்விப்படுகிறோம். இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் கடந்த பின்னர்தான் படிவம் கைக்கு வருகிறது. இடம்பெயர்ந்து, முகாமிலும் உறவினர் வீட்டிலும் காலம் கழித்த எமது விவசாயக் குடும்பங்களுக்கு இது புதிய அனுபவமல்ல. பெண் தலைமை தாங்கும் குடும்பங்களே இதனால் அதிகம் இழக்கின்றன. அறிவித்தல் கடைச் சுவரில் ஒட்டப்படுகிறது; பத்திரிகை தேநீர்க் கடையில் கிடக்கிறது; அங்கே கூடிப் பேசுவோர் பெரும்பாலும் ஆண்கள். படுவான்கரையில் வயலையும் பிள்ளைகளையும் தனியே பார்க்கும் தாய்க்குச் செய்தி கடைசியில்தான் வந்து சேருகிறது.

இந்தக் குறையைப் போக்க எமது மாவட்டத்திலேயே ஒரு முயற்சி நடந்தது. போர் முடிந்த மறு ஆண்டு, 2010 இல், ‘மின்மினிச் செய்திகள்’ என்ற பெயரில் பெண்களுக்கான குறுஞ்செய்திச் சேவை மட்டக்களப்பில் தொடங்கப்பட்டது. செய்தி சேகரித்தவர்களும் பெண்கள், பெற்றவர்களும் பெண்கள். பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. சாதாரண கைத்தொலைபேசி போதுமாக இருந்தது. இதில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு: தொழில்நுட்பத்தின் பயன் அதன் விலையில் இல்லை. யார் செய்தி அனுப்புகிறார், யாருக்கு அது போய்ச் சேருகிறது என்பதில்தான் இருக்கிறது.

இன்று பல வீடுகளில் படம் எடுக்கும் தொலைபேசி இருக்கிறது. ஆனால் செய்தி கிடைத்தால் மட்டும் உரிமை கிடைத்துவிடாது, கேட்கவும் வேண்டும். அதற்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எமக்கு வழி தந்திருக்கிறது. 2017 பெப்ரவரி 3 முதல் இது நடைமுறையில் உள்ளது. பிரதேச செயலகம், கமநல சேவை நிலையம், பிரதேச சபை போன்ற அரச அலுவலகங்களிடம் எந்தப் பிரசையும் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறேன் என்று காரணம் கூற வேண்டியதில்லை.

எப்படிக் கேட்பது?

1. அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தமிழில் எழுதலாம். மின்னஞ்சலும் எழுத்து மூலக் கோரிக்கையாகவே கொள்ளப்படும். எழுத முடியாதவர் நேரில் வாயால் சொல்லலாம்; அதனை எழுதிக்கொள்வது அலுவலரின் கடமை.

2. கோரிக்கை கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி கேட்டுப் பெறுங்கள். கடிதத்தையும் அத்தாட்சியையும் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அந்த நாளிலிருந்தே கணக்குத் தொடங்குகிறது.

3. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அதிலும் தீர்வு இல்லையெனில், இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குச் செல்லலாம்.

என்ன கேட்பது?

“எங்களுக்கு ஏன் வீடு தரவில்லை?” என்பது முறைப்பாடு. அதற்கு ஆறுதல் வார்த்தையே பதிலாக வரும். “எமது கிராம சேவையாளர் பிரிவில் வீட்டுத்திட்டப் பயனாளிகளைத் தெரிவு செய்த சுற்றுநிருபத்தின் பிரதியையும், எனது விண்ணப்பத்துக்கு வழங்கப்பட்ட புள்ளிகளின் விபரத்தையும் தருக” என்று கேட்டால் ஆவணம் வர வேண்டும். இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள். இடத்தையும் ஆண்டையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

காணி விடயத்தில் இது மிக முக்கியம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பின்னுரித்தாளர் நியமிக்கப்படாத காணியில் மகள்மாருக்கு முன்பாக மகன்மாருக்கே உரிமை வழங்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் அந்தப் பால் வேறுபாட்டை நீக்கியது. சட்டம் மாறியது தெரியாத மகள் இன்றும் பேசாமல் ஒதுங்கி நிற்கக்கூடும். கணவரின் அல்லது தந்தையின் அனுமதிப்பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்திருந்தால், அலுவலகப் பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கிறது, பின்னுரித்தாளராக யார் பதியப்பட்டுள்ளார் என்று முதலில் கேளுங்கள். வழக்கோ விண்ணப்பமோ அதற்குப் பின்னர்தான்.

மூன்று எச்சரிக்கைகள்

வீட்டில் தொலைபேசி இருப்பது போதாது. தாயின் கையிலும் அது இருக்க வேண்டும். மகனிடம் கொடுத்து அனுப்பச் சொல்பவர், அவன் வெளியூர் போனதும் மீண்டும் ஊமையாகிவிடுகிறார். படம் எடுக்க, அனுப்ப, சேமிக்க அவரே பழகட்டும்.

அடையாள அட்டையின் படத்தையும் வங்கி இரகசிய இலக்கத்தையும் அறியாதவருக்கு அனுப்பாதீர்கள். உதவிப்பணம் தருவதாகச் சொல்லி ஏமாற்றுபவர்கள் பலர். முக்கிய ஆவணங்களின் படங்களை நம்பிக்கையான ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். வெள்ளத்தில் தொலைபேசி போனாலும் ஆவணம் தப்பும்.

தனியே கேட்பவர் அலைக்கழிக்கப்படலாம், அச்சுறுத்தவும்படலாம். ஆகவே மாதர் சங்கத்தில் கலந்து பேசி, பத்துப் பேர் பத்துக் கடிதமாக எழுதுங்கள். வந்த பதிலைக் கூட்டத்தில் உரக்க வாசியுங்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது ஒரு கொப்பியும் ஒரு தொலைபேசியும் கொண்டுபோங்கள். ஊரை நெடுநாள் வாட்டும் ஒரு விடயத்தைத் தெரிவு செய்து, அதை ஒரே கேள்வியாக எழுதுங்கள். பதினான்கு வேலை நாட்களை எண்ணத் தொடங்குங்கள்.