ஒரே மின்னோட்டம், மூன்று வேலை

கல்யாணப் பந்தலில் கட்டுகிற சீரியல் செட்டை எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதல் பல்பில் நுழைந்த அதே மின்னோட்டம்தான் கடைசி பல்பு வரை போகிறது. நடுவில் அது குறைவதில்லை. ஒவ்வொரு பல்பும் எடுத்துக்கொள்வது மின்னழுத்தத்தில் தன் பங்கை மட்டுமே.

பழைய வால்வு ரேடியோக்களிலும் இந்த முறை உண்டு. ஏசி, டிசி இரண்டிலும் ஓடிய பெட்டிகளில் யுசிஎச் 42, யுஎஃப் 41, யுபிசி 41, யுஎல் 41, யுஒய் 41 என்று ஐந்து வால்வுகள் இருக்கும். அவற்றின் சூடேற்றும் இழைகளை வரிசையாகக் கோர்த்து, ஒரே 100 மில்லி ஆம்பியரை எல்லாவற்றுக்கும் கொடுத்தார்கள். ஐந்துக்கும் சேர்த்து சுமார் 117 வோல்ட். ஓர் இழை அறுந்தால் பெட்டியே ஊமை!

அங்கே பகிர்ந்துகொண்டது சூடு மட்டும். இன்றைய சிப்புகளில் ரேடியோவின் பகுதிகளே மின்னோட்டத்தைப் பகிர்கின்றன. வாங்கி ஒன்றில் பெருக்கி, ஆஸிலேட்டர், மிக்ஸர் மூன்றும் வேண்டும். ஆளுக்கு 2 மில்லி ஆம்பியர் என்று தனித்தனியாகக் கொடுத்தால் 6 ஆகிறது. சிஆர் 2032 பட்டன் செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. விடாமல் ஓடினால், கணக்குப்படி 36 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மூன்றையும் மாடி மாடியாக அடுக்கினால் 2 மில்லி ஆம்பியர் போதும். 110 மணி நேரம் வரும்.

இந்த லாபம் எங்கிருந்து வருகிறது? செல் தருவது 3 வோல்ட். ஒரு பகுதிக்கு ஒரு வோல்ட் போதுமென்றால், மீதி 2 வோல்ட் வெறும் சூடாக வீணாகிறது. அடுக்கும்போது அந்த வீணைத்தான் மீட்கிறோம்.

சரி, சிக்னல்கள் ஒன்றோடொன்று குழம்பாதா? மாடிகள் சேரும் இடத்தில் மின்தேக்கி ஒன்றை வைத்தால், அது சிக்னலைத் தரைக்கு இறக்கிவிடும், நேர்மின்னோட்டத்தை விடாது. கம்பிச்சுருள் இதற்கு நேர் எதிர். இந்த இரண்டையும் வைத்துப் பாதை பிரிக்கிறார்கள்.

சில சமயம் பிரிக்காமல் இருப்பதே கெட்டிக்காரத்தனம். 1968-இல் பாரி கில்பர்ட் வெளியிட்ட சுற்றில், கீழ் மாடி சிக்னலை மின்னோட்டமாக்கும். மேல் மாடி அதே மின்னோட்டத்தை இப்படியும் அப்படியும் திருப்பிவிடும். இத்தாலியின் பவியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் இன்னும் ஒரு படி போனார்கள். ஆஸிலேட்டரின் டிரான்சிஸ்டர்களையே மிக்ஸராகவும் வேலை செய்யவைத்து, பெருக்கியின் மேல் ஏற்றினார்கள். அந்த ஜிபிஎஸ் முன்பகுதி 1.2 வோல்ட்டில் 5.4 மில்லி வாட்தான் எடுத்தது.

ஆனால் இதற்கும் விலை உண்டு. மாடி கூடக்கூட ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வோல்ட் குறையும். பலமான சிக்னல் வந்தால் சிதையும். ஒரு பகுதியின் மின்னோட்டத்தை மாற்றினால் மற்றவையும் மாறும். காது கேட்கும் கருவியின் துத்தநாகச் செல் தருவது சுமார் 1.4 வோல்ட்தான். அங்கே மூன்று மாடி கட்டுவது லேசில்லை.

ஆகவே அடுக்குவதற்கு முன் கேட்கவேண்டியது ஒன்றுதான்: நம்மிடம் வீணாகிற வோல்ட் இருக்கிறதா? இருந்தால் அடுக்கலாம். இல்லாவிட்டால் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே மேல்.