உங்களுக்குத் தெரியுமா? ஒரே பாளை, இரண்டு தொழில்

யாழ்ப்பாணத்தில் சீவல் தொழிலாளி முட்டிக்குள் சுண்ணாம்பு தடவிப் பனையில் கட்டினால் இறங்குவது கருப்பநீர். தடவாமல் கட்டினால் கள். சுண்ணாம்பு சாறு புளிக்காமல் தடுக்கிறது, அவ்வளவுதான். ஆண்பனை, பெண்பனை இரண்டிலும் பாளை சீவலாம். ஆனால் மனிதருக்குள் வேலை பிரிந்தே கிடக்கிறது. மரமேறுவது ஆண்கள். கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டியாக்கிக் குட்டானில் வார்ப்பதும், ஓலையில் பெட்டி இழைப்பதும் பெரும்பாலும் பெண்கள்.

கள்ளோ மதுவரிச் சட்டத்துக்குள் வரும் பொருள். மது விற்கும் இடங்களில் பெண்கள் வேலை செய்ய மதுவரி ஆணையாளரின் அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாட்டை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர தளர்த்தினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை மீளப்பெறச் சொல்லிவிட்டார்.

சாதியின் கணக்கு இன்னும் பழையது. மரமேறும் வேலை தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்ட சாதியினர்மேல் சுமத்தப்பட்டது. அவர்கள் இறக்கிய கள் ஊருக்கு வேண்டியிருந்தது. அவர்கள் கோயிலுக்குள் வருவது வேண்டாமாயிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது இந்த மக்களின் உரிமைக்காகத்தான்.