விரைந்து ஓடும் காசோலை

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் நடந்த தாக்குதலுக்குப் பின், அமெரிக்காவில் சில நாள்களுக்கு விமானங்கள் பறக்கவில்லை. அதனால் காசோலைகளும் நின்றுபோயின. அக்காலத்தில், வங்கியில் செலுத்தப்பட்ட காசோலைகள் கட்டுக் கட்டாக லாரியிலும் விமானத்திலும் ஏறி, எழுதியவரின் வங்கியைச் சென்றடைய வேண்டும். அதன் பிறகே அவருடைய கணக்கிலிருந்து பணம் கழிக்கப்படும்.

இந்த அனுபவம் ஒரு புதிய சட்டத்திற்கு வழிவிட்டது. ‘செக் 21’ எனப்படும் அச்சட்டம் 2004 அக்டோபர் 28ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, காசோலையின் இரு பக்கங்களையும் படமெடுத்து, அப்படத்தை மின்னியல் முறையில் அனுப்பலாம். படத்திலிருந்து அச்சிடப்படும் ‘மாற்றுக் காசோலை’ மூலக் காசோலைக்கு நிகரானது.

இதனால் வாடிக்கையாளருக்கு என்ன நேர்ந்தது? வெள்ளிக்கிழமை சம்பளம் பெறும் ஒருவர், வாடகைக் காசோலையைப் புதன்கிழமையே எழுதிக் கொடுப்பதுண்டு. தாள் ஊர் சுற்றி வருவதற்குள் சம்பளம் கணக்கில் சேர்ந்துவிடும். இது நல்ல பழக்கம் அன்று. ஆயினும், அந்த இரண்டு மூன்று நாள் அவகாசம் பலருக்கு மாதக் கடைசியைக் கடக்க உதவியது. படம் நொடியில் பயணம் செய்யத் தொடங்கியதும் அந்த அவகாசம் சுருங்கியது. வியாழக்கிழமையே காசோலை வங்கிக்கு வந்துவிட்டால், கணக்கில் பணம் இராது. காசோலை திரும்பிவிடும், வங்கி கட்டணம் விதிக்கும், வீட்டு உரிமையாளரிடமும் தலைகுனிய வேண்டும்.

அவர் பெறும் காசோலைக்கும் இதே வேகம் கிடைத்ததா என்றால், அதுதான் இல்லை. செலுத்திய காசோலைக்குரிய பணத்தை வங்கி எத்தனை நாள் நிறுத்தி வைக்கலாம் என்னும் விதியைப் புதிய சட்டம் மாற்றவில்லை. கொடுக்கும் பணம் விரைந்து போக, வரும் பணம் பழைய கால வரம்பிலேயே வரலாம். பயனீட்டாளர் சங்கங்கள் இதைக் குறைகூறியதில் வியப்பில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. மூலக் காசோலையும் அதன் படமும் தனித்தனியே வங்கியை அடைந்தால், ஒரே காசோலைக்கு இருமுறை பணம் கழிக்கப்படலாம். மாற்றுக் காசோலையால் இவ்வாறு இழப்பு ஏற்பட்டால், வங்கி கணக்கறிக்கையை அனுப்பிய 40 நாள்களுக்குள் முறையிட வேண்டும். 10 வேலை நாள்களுக்குள் வங்கி விசாரணையை முடிக்காவிட்டால், 2,500 டாலர் வரை தற்காலிகமாகக் கணக்கில் திருப்பிச் சேர்க்க வேண்டும். உறையைப் பிரிக்காமலேயே கணக்கறிக்கையை ஒதுக்கி வைப்பவருக்கு அந்த 40 நாள் தெரியாமலே கழிந்துவிடும்.

இன்று வாடிக்கையாளரே கைப்பேசியில் படமெடுத்துக் காசோலையைச் செலுத்துகிறார். தாள் அவர் கையிலேயே தங்கிவிடுகிறது. பணம் கணக்கில் சேரும்வரை அதைப் பத்திரப்படுத்துவதும், பின்னர் மறதியாக மீண்டும் செலுத்திவிடாமல் கிழித்தெறிவதும் இப்போது அவருடைய வேலை.