யார் கொன்றது என்று கேட்காத கதை



சுந்தரர் பிறந்த திருநாவலூரில் நின்றுகொண்டு குற்றக்கதையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொருத்தம் இல்லாமல் இல்லை. பெரியபுராணத்தில் சுந்தரரின் கல்யாணத்தை ஒரு கிழவர் வந்து தடுக்கிறார். இவன் எனக்கு அடிமை என்கிறார். வழக்கு பக்கத்திலுள்ள திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. மூல ஓலையில் இருந்த எழுத்தைப் பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சபை தீர்ப்புச் சொல்கிறது. அடிமை ஓலைக்குக்கூட அங்கே சாட்சியம் கேட்டார்கள்.

இமையத்தின் ‘பெத்தவன்’ கதையில் கூடும் ஊர்ப் பஞ்சாயத்து அதையும் கேட்பதில்லை. 2012இல் ‘உயிர்மை’ இதழில் வந்த நெடுங்கதை அது. ஆதிக்க சாதிப் பெண் பாக்கியம் ஒரு தலித்தைக் காதலிக்கிறாள். அவளைக் கொன்றுவிடச் சொல்லித் தகப்பன் பழனிக்கு ஊர் உத்தரவு போடுகிறது. சரி என்று ஒப்புக்கொண்டு வந்த பழனி, இரவோடு இரவாக மகளை அனுப்பிவிட்டு, விஷத்தைத் தானே சாப்பிடுகிறார்.

கிராமத்தை வைத்து எழுதும் குற்ற நாவலுக்குப் பிரெஞ்சு மொழியில் நீண்ட மரபு உண்டு. ஜார்ஜ் சிமெனோன் 1954இல் வெளியிட்ட ஒரு நாவலில், கடலோரக் கிராமம் ஒன்றில் கிழவி ஒருத்தி கொலையாகிறாள். வெளியூர்க்காரரான பள்ளி ஆசிரியர்மீது பழி விழுகிறது. ஊர் வாயைத் திறப்பதில்லை. பாரிசிலிருந்து போகும் துப்பறியும் அதிகாரி மெக்ரே அந்த மௌனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறார். அங்கே ஊர் மறைக்கிறது. நம் ஊரிலோ கொலை நடக்கும் முன்பே ஊரைக் கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். துப்பறிய என்ன இருக்கிறது? ‘பெத்தவ’னிலும் ஒரு போலீஸ்காரர் வருகிறார், சப் இன்ஸ்பெக்டர் பெரியசாமி. அவர்தான் பாக்கியத்தின் காதலன். காக்கிச்சட்டை போட்டவனுக்கே இந்த நிலை!

இது வெறும் கற்பனையில்லை. இங்கிருந்து அதிக தூரமில்லாத விருத்தாசலம் பக்கம், புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் ஒரு காதல் தம்பதிக்கு விஷம் கொடுத்து எரித்தார்கள். 18 ஆண்டுகள் கழித்து, 2021இல் கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேருக்குத் தண்டனை விதித்தது. அவர்களில் இருவர் காவல்துறை அதிகாரிகள். யார் செய்தது என்பது ஊருக்குத் தெரியாமலா 18 ஆண்டுகள் ஆயின?

‘பெத்தவன்’ மீது எனக்கொரு மனக்குறை உண்டு. கதை பழனியின் வீட்டைவிட்டு நகர்வதில்லை. அந்த வீட்டின் தவிப்பை இவ்வளவு உண்மையாக எழுதியவர்கள் குறைவு, மறுக்கவில்லை. ஆனால் தகப்பனின் சாவோடு கதை முடிந்துவிடுகிறது. கதை வெளிவந்த சில வாரங்களில், 2012 நவம்பர் 7 அன்று, தருமபுரி மாவட்டத்தில் ஒரு தகப்பன் தற்கொலை செய்துகொண்டார். அவர் மகளும் தலித் இளைஞரை மணந்தவள்தான். அந்தச் சாவோடு அங்கே எதுவும் முடியவில்லை. கூட்டம் திரண்டு நத்தம் காலனிக்கும் அண்ணா நகருக்கும் கொண்டம்பட்டிக்கும் போனது. 200க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் எரிந்தன. நாம் எழுத வேண்டிய குற்ற நாவலின் முதல் அத்தியாயம் அந்தச் சாயங்காலம்தான்.