சிப்பிக் குவியலும் பண்டை மக்களின் உணவும்

1850-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் ஜட்லாந்துப் பகுதியிலுள்ள மெயில்கோர் என்னும் பண்ணையில், பாதையிற் பரப்புவதற்காகச் சிப்பி ஓடுகளை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தனர். ஓடுகளுக்கிடையே கற்கருவிகளும் எலும்பினாற் செய்த சீப்பு ஒன்றும் அகப்பட்டன. அவ்விடத்தைப் பார்வையிட்ட வோர்சோ என்னும் தொல்பொருள் அறிஞர், இம்மேடு கடல் ஒதுக்கிய குவியலன்று, மனிதர் நெடுங்காலம் உண்டு எறிந்த எச்சமே என்று துணிந்தார்.

இத்தகைய மேடுகளை ஆராய்வதற்கென 1848-இல் டேனிஷ் விஞ்ஞானக் கழகம் அமைத்த மூவர் குழுவில் அவரும் ஒருவர். விலங்கியலாராகிய ஸ்டீன்ஸ்ட்ரப்பும் நிலவியலாராகிய போர்க்ஹாமரும் மற்ற இருவர். பழைய கடலடித் தளமே உயர்ந்து மேடாயிற்று என்னும் கருத்து அதுவரை வலுவாக இருந்தது. அதனை மறுத்த சான்றுகள் மிக எளியவை. ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக் காட்டத் தக்கவை. இயற்கையான சிப்பிப் படுகையில் குஞ்சும் முதிர்ந்ததும் கலந்திருக்கும்; இங்கோ முதிர்ந்தவையே மிகுதி. ஒரே இடத்தில் சேர்ந்து வாழாத ஆளி, மட்டி, கடல் நத்தை ஆகியவை ஒன்றாகக் கிடந்தன. கடல் கொணரும் பருக்கைக் கற்கள் இல்லை. கரியும், மூளைக்காக உடைக்கப்பட்ட விலங்கெலும்புகளும் இருந்தன.

ஸ்டீன்ஸ்ட்ரப்பின் முறை குறிப்பிடத்தக்கது. பறவை எலும்புகளில் நடுத்தண்டு மட்டுமே எஞ்சி, முனைகள் காணாமற்போனதன் காரணத்தை அறிய அவர் நாய்களை அடைத்து வைத்து எலும்புகளை உண்ணக் கொடுத்தார். அவை மிச்சம் விட்ட பகுதிகளும் மேட்டிற் கிடைத்தவையும் ஒத்திருந்தன. ஆகவே அம்மக்கள் நாய் வளர்த்தனர் என்பது புலனாயிற்று. குளிர்காலத்தில் மட்டும் அங்கு வரும் அன்னத்தின் எலும்பு கிடைத்தமையால், அவர்கள் குளிர்காலத்திலும் கரையில் தங்கினர் என்பதும் தெளிவாயிற்று.

டேனிஷ் மொழியில் இம்மேடுகளுக்கு இட்ட பெயரின் பொருள் சமையலறைக் குப்பை என்பதாம். நம் வழக்கில் அடுக்களைக் குப்பை எனலாம். பெயரிற் பகட்டில்லை, பொருளிற் பிழையுமில்லை.

இவற்றுட் புகழ்பெற்றது, லிம் கடற்கழியின் கரையிலுள்ள எர்ட்டபோலெ மேடு. 1893 முதல் 1897 வரை அகழப்பெற்ற இம்மேடு ஏறத்தாழ 140 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உடையது. உயரம் சில இடங்களில் 2 மீட்டரை நெருங்குகிறது. இதன் பெயராலேயே சுமார் கி. மு. 5400 முதல் 3950 வரை அங்கு வாழ்ந்த மக்களின் பண்பாடு வழங்கப்படுகிறது.

இவ்வளவு ஓடுகளைக் காண்போர், அம்மக்கள் சிப்பியையே தின்று வாழ்ந்தனர் என்று எண்ணுவது இயல்பு. கணக்கு வேறு கூறுகிறது. ஒருவர் ஒரு நாள் சிப்பியை மட்டும் உண்டு வாழ வேண்டுமாயின் சுமார் 700 ஆளிகள் தேவை என்று பெய்லி என்னும் ஆராய்ச்சியாளர் கணித்துள்ளார். ஒரு மானின் இறைச்சிக்கு ஈடு செய்ய ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆளிகள் வேண்டுமாம். மானின் எலும்பு ஒரு கூடையில் அடங்கும். ஆளி ஓடுகளோ குன்றாகும். மீனெலும்போ கண்ணுக்கே அகப்படாது. அண்மைக் காலத்தில் மண்ணை நுண்ணிய சல்லடையிற் சலித்த பின்னரே, எர்ட்டபோலெ மக்கள் விலாங்கையும் கெண்டையினத்து நன்னீர் மீன்களையும் மிகுதியாகப் பிடித்தனர் என்பது வெளிப்பட்டது. சிப்பி ஓட்டின் வளர்ச்சிக் கோடுகளை ஆராய்ந்தபோது, நார்ஸ்மின்ட என்னுமிடத்தில் ஆளிகள் பெரும்பாலும் இளவேனிலின் தொடக்கத்திலேயே சேகரிக்கப்பட்டன என்று தெரிந்தது. பிற உணவு அருகும் பருவம் அது. சிப்பி அவர்கட்குப் பஞ்சகாலத் துணை போலும்.

மீன் பிடித்த முறையைக் கடலடியிலிருந்து கிடைத்த பொருள்கள் காட்டுகின்றன. ஃபூனன் தீவை அடுத்த டீப்ரின் வீக் என்னுமிடத்தில், தற்போது நீரில் மூழ்கியுள்ள குடியிருப்பில், லிண்டன் மரத்தைக் குடைந்து செய்த ஓடங்கள் அகப்பட்டன. பெரியது சுமார் 9½ மீட்டர் நீளம். பின்பகுதியில் மணலும் களிமண்ணும் பரப்பி நெருப்பு வைத்த தடம் உள்ளது. இரவில் ஒளி காட்டி விலாங்கு பிடிக்க இது உதவியிருக்கலாம். செதுக்கு வேலை அமைந்த துடுப்புகளும், நூல் முடிச்சு அவிழாத எலும்புத் தூண்டில் ஒன்றும் கிடைத்தன.

1981-இல் டௌபர் என்பவர் எலும்பிலுள்ள கரியணு வகைகளை அளந்து, இக்காலத்தவர் பெரிதும் கடலுணவை உண்டனர் என்றும், பயிர்த்தொழில் வந்த பின் வாழ்ந்தவர் நிலத்துணவுக்கு மாறினர் என்றும் காட்டினார். ஏறத்தாழ அதே சமயத்தில் மேடுகளில் ஆளி குறைந்து மட்டி மிகுகிறது. கடல்நீரின் உப்புத்தன்மை குறைந்தமை காரணமாகலாம்.

டேனிஷ் சொல்லை நம் நாட்டு மேடுகளுக்கு முதலில் வழங்கியவர்களுள் ஸ்டோலிச்கா ஒருவர். 1870-இல் அவர் அந்தமான் தீவுகளின் அடுக்களைக் குப்பைகளைப் பற்றி எழுதினார். பின்னர் ஜரின் கூப்பர் அகழ்ந்த சௌல்தாரி மேடு சுமார் 2,200 ஆண்டுப் பழமையுடையது. அங்கும் சிப்பி ஓடுகளோடு பன்றி எலும்புகளும் மட்கல ஓடுகளும் கலந்தே கிடக்கின்றன. கரையோரங்களில் சுண்ணாம்புக்காகவோ பாதைக்காகவோ ஓடு வெட்டப்படும் இடத்திற்குச் செல்லும் களப்பணியாளர், கரியும் எலும்பும் பானையோடும் அவற்றுள் உண்டா என்று முதலிற் பார்த்தல் நலம். மெயில்கோரில் அந்தச் சீப்பு தற்செயலாகவே ஒருவர் கண்ணிற் பட்டது.