பயணப் படங்கள்

கொச்சியில் தேநீர்க்கடை நடத்திய விஜயனும் அவர்தம் மனைவி மோகனாவும், நாள்தோறும் சிறுதொகை சேமித்தும் கடன் பெற்றும், 2007 முதல் 2021 வரை 26 நாடுகளைக் கண்டு மீண்டனர். அப்பயணப் படங்கள் அவர்கள் கடைச் சுவரை அணிசெய்தன.

சேய்மையைப் படம் பிடிக்கும் நாம் அண்மையை மறந்துவிடுகிறோம். அஃது என்றும் அவ்வாறே இருக்கும் என எண்ணுதலே காரணம். தென்காசிக் கோபுரத்தை நோக்குமின்! 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த கோயிலில், நெடுங்காலம் சிதைந்து பிளவுற்று நின்ற அக்கோபுரம், 1990-இல் புதிதாய் நிமிர்ந்தது. முன்னைய பிளவை இன்று காட்டுவன பழம் படங்களே.

குற்றாலச் சாரலில் நீராடி மீளும் வழியில், அக்கோபுரத்தின்முன் அந்நாளில் நின்ற தம்பதியர் படமும் அதற்குச் சான்றாகும். ஆதலின், படத்தின் பின்புறத்தில் இடமும் ஆண்டும் பொறித்தல் நம் கடனாம்.