காற்றையே பாரமாக ஏற்றும் கார்

தேவாரத்தில் பொழுது விடியும் முன்பே ஏலத்தோட்ட ஜீப்புகள் கிளம்பிவிடும். ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டிக்கு மொட்டை டயர்தான் எமன். மழைத் தண்ணீரை ஒதுக்கித் தள்ள டயரில் பட்டன் இருந்தாக வேண்டும்.

பந்தயக் காரோ காய்ந்த தடத்தில் மொட்டை டயரைத்தான் விரும்புகிறது. ஒதுக்கத் தண்ணீர் இல்லாதபோது பள்ளம் எதற்கு? அங்கேயும் ரப்பர் இருந்தால் தரையைத் தொடும் பரப்பு கூடுமே. வளைவுகளில் வேகத்தைக் குறைக்க நினைத்த ஃபார்முலா 1 நிர்வாகம், 1998 முதல் 2008 வரை டயரில் வரிப்பள்ளங்களைக் கட்டாயமாக்கியதும் இதனால்தான். பந்தய டயர் ரப்பரின் குணமும் வேறு. ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் இளகித் தரையைக் கவ்வும். சூடு குறைந்தால் வழுக்கும், மீறினால் உரியும்.

டயர் மட்டும் நன்றாக இருந்தால் போதாது, அதை அழுத்தப் பாரமும் வேண்டும். காலி ஜீப்பின் பின்சக்கரம் ஏற்றத்துச் சரளையில் சும்மா சுழலும். பின்னால் ஆள் ஏறியதும் பிடித்துக்கொள்ளும். பந்தயக் காரில் அப்படிப் பாரம் ஏற்ற முடியாது. எடை கூடினால் வேகமெடுக்கவும் நேரமாகும், வளைவில் வெளியே இழுக்கும் விசையும் கூடும். அதனால் காற்றையே பாரமாக ஏற்றுகிறார்கள். விமான இறக்கையைத் தலைகீழாகப் பொருத்தியதுபோல முன்னும் பின்னும் இறக்கைகள். அவை காரைத் தரையோடு அழுத்தும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. ஓட்டுநரோடு சேர்த்துச் சுமார் 600 கிலோ இருந்த 2005ஆம் ஆண்டு ஃபார்முலா 1 கார், முழு வேகத்தில் தன் எடையைவிட அதிகமான காற்றுப் பாரத்தைச் சுமந்தது.

அவ்வளவையும் தாங்குவது அந்த நான்கு டயர்கள்தான். பிடிப்பைத் தரும் அதே அழுத்தம் டயரைக் கொல்லவும் செய்யும் என்பதை அந்த ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த பந்தயத்தில் உலகமே பார்த்தது. அங்கே 13ஆவது வளைவு சாய்தளமாக இருக்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமலே கடப்பார்கள். இறக்கைகளின் அழுத்தத்தோடு சாய்தளத்தின் அழுத்தமும் சேர்ந்து இடப்பக்கப் பின் டயரில் இறங்கும். டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி, நிமிர்ந்து, சூடாகும். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ஓட்டுநர் ரால்ஃப் ஷூமாக்கரின் மிஷலின் நிறுவன டயர் அங்கேதான் போனது. கார் சுவரில் மோதியது. பஞ்சர் போன்ற காரணமின்றிப் பந்தயத்தில் டயர் மாற்றக் கூடாது என்பது அந்த ஆண்டு விதி. அந்த டயர் முழுப் பந்தயமும் தாங்குமா என்ற பயத்தில், வளைவுக்கு முன்னால் வேகத்தடுப்பு வளைவு ஒன்றை வையுங்கள் என்று மிஷலின் அணிகள் கேட்டன. பந்தய நிர்வாகமான எஃப்.ஐ.ஏ. மறுத்துவிட்டது.

ஜூன் 19, பந்தய நாள். அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் மிஷலின் டயரில் வந்த 14 கார்களும் வரிசையாக பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் ஓடிய ஆறு கார்களே களத்தில் நின்றன. அதில் ஒன்று, கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஜோர்டான் அணிக் கார். அவர் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் எடுத்தார். ஃபார்முலா 1இல் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

ஓசியில் வந்த புள்ளி என்று இன்றைக்கும் கேலி பேசுகிறார்கள். ஆறு காரில் நடந்தது பந்தயமே அல்ல என்பது சரிதான். பணம் கொடுத்து வந்த ரசிகர்கள் கூச்சலிட்டதிலும் நியாயம் உண்டு. ஆனால் டயர் என்ன, காருக்கு வெளியே இருக்கும் பொருளா? என்ஜின் புகைந்து பத்துப் பேர் ஒதுங்கியிருந்தால் அந்த வெற்றியை ஓசி என்போமா? அதே தடத்தில், அதே சாய்தளத்தில் 73 சுற்று, 306 கிலோமீட்டர் தாங்கிய டயரும் பொறியாளரின் வேலைதான். பிரிட்ஜ்ஸ்டோனின் துணை நிறுவனமான ஃபயர்ஸ்டோனுக்கு இண்டி கார்கள் வழியாக அந்தத் தடம் பழகியிருந்தது. மற்றவர்கள் நின்றதும் அசட்டையாகாமல், மினார்டி அணியின் கார்கள் இரண்டையும் பின்னுக்குத் தள்ளிக் காரை முழுதாகக் கொண்டுவந்து சேர்த்தது நரேனின் பங்கு.

மிஷலின் பிறகு ரசிகர்களுக்கு டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2006இல் டயர் மாற்றும் விதி திரும்ப வந்தது. 2007 முதல் எல்லா அணிக்கும் ஒரே நிறுவனத்தின் டயர்தான். ஆறு கார்கள் மட்டும் ஓடும் பந்தயம் இனி வராது என்றாலும், டயர் நிறுவனங்கள் போட்டியிட்ட சுவாரசியமும் அதோடு போய்விட்டது. எனக்கு அது இழப்புதான்.